உடம்பு சொல்லாததை ரத்தம் சொல்லும்

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம் எச்.ஐ.வி. இந்தப் பேரைக் கேட்டாலே சிலருக்கு முகம் மாறிவிடும். "அது வேற ஆளுங்களுக்கு வர்ற நோயுங்க, நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கிருமிக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. கணவனிடமிருந்து மனைவிக்கும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் அது வரும். ஆகவே இது நம் குடும்ப நலத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவாது என்பதெல்லாம் நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். இன்று வேறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கிருமி உடம்புக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருஷம் போகப் போக உள்ளே என்ன நடக்கிறது? நோய் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா? அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

காவலாளியையே பிடிக்கும் கிருமி

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஊர்க் காவல் போல அவை உடம்பைக் காக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு சி.டி.4 அணுக்கள் என்று பெயர். காவல் படையில் மேஸ்திரி மாதிரி இவை. எந்தக் கிருமி வந்தாலும் மற்ற அணுக்களுக்குத் தகவல் கொடுத்து வேலை வாங்குவது இவைதான்.

மற்ற கிருமிகள் காவலாளிக்குப் பயந்து ஒளியும். எச்.ஐ.வி. அந்த மேஸ்திரியையே போய்ப் பிடிக்கிறது. சி.டி.4 அணுவுக்குள் புகுந்து, அதற்குள்ளேயே பெருகி, அதை அழித்துவிட்டு அடுத்த அணுவுக்குப் போகிறது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. புது அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வரவைவிடச் செலவு கொஞ்சம் அதிகம். வரவைவிடச் செலவு கூடின குடும்பம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவு துளியில், ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். இந்த எண்ணிக்கையைத்தான் ஆஸ்பத்திரியில் 'சி.டி.ஃபோர் எவ்வளவு?' என்று கேட்கிறார்கள்.

மூன்று கட்டங்கள்

மருந்து எதுவும் சாப்பிடாவிட்டால் நோய் மூன்று கட்டமாகப் போகும்.

முதல் கட்டம்: கிருமி வந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று விட்டுவிடுவோம். அந்த நாட்களில் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சத்துக்கு மேலும் போகலாம். சி.டி.4 சரசரவென்று இறங்கும். குடலைச் சுற்றியுள்ள சி.டி.4 அணுக்களில் பெரும் பகுதி இந்தச் சமயத்திலேயே அழிந்துவிடுகிறது. பிறகு உடம்பு சுதாரித்துக்கொண்டு எதிர்க்கும். கிருமி குறைந்து ஓர் அளவில் நிற்கும். சி.டி.4 ஓரளவு ஏறும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது.

இரண்டாம் கட்டம்: அமைதியான காலம். நோயாளி வயலுக்குப் போவார், மில்லுக்குப் போவார், கல்யாணம் காட்சிக்குப் போவார். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வருஷத்துக்குச் சராசரியாக 50 முதல் 80 வரை சி.டி.4 குறையும். பெரியவர்களுக்கு இந்தக் கட்டம் எட்டு, பத்து வருஷம்கூட நீளலாம். சிலருக்கு மூன்று நான்கு வருஷத்திலேயே முடிந்துவிடும். மருந்தே இல்லாமல் கிருமியைத் தானாக அடக்கி வைக்கும் உடம்பு நூற்றில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. அந்த ஒருவர் நாம்தான் என்று யாரும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

மூன்றாம் கட்டம்: சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போய்விடுகிறது. காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட இப்போது உயிருக்கு உலை வைக்கும். இந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. இருப்பதும் எய்ட்ஸ் வருவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பல வருஷங்கள் இருக்கின்றன. அந்த வருஷங்கள்தான் நம் கையில் உள்ள காலம்.

ஏரியும் கசிவும்

ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை வரைக்கும் தண்ணீர் வருமா என்று தெரிய வேண்டும். என்ன செய்வோம்? முதலில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்போம். அது மட்டும் போதுமா? கரையில் கசிவு இருக்கிறதா, அது சின்னக் கசிவா, பெரிய உடைப்பா என்றும் பார்க்க வேண்டும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் உடைப்பு பெரிசாக இருந்தால் சீக்கிரம் வற்றிவிடும்.

உடம்பிலும் இப்படித்தான். சி.டி.4 என்பது ஏரியில் இன்றைக்கு இருக்கும் தண்ணீர். ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு கசிவின் வேகம். இதற்கு 'வைரல் லோடு' என்று பெயர். ஒன்று இன்றைய நிலையைச் சொல்லும். மற்றது நாளை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டருக்கு, நோயாளிக்குத் தலைவலிகூட வருவதற்கு முன்பே நோயின் போக்கு தெரிந்துவிடும்.

இது எப்படித் தெரிய வந்தது?

இதைச் சும்மா ஊகித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நான்கு நகரங்களில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேர் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து சோதித்துக்கொண்டு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தில் ஒரு பகுதியை உறைய வைத்துச் சேமித்தார்கள். அன்று இந்த நோய்க்குச் சரியான மருந்து இல்லை. வந்தவர்களில் பலர் பிற்பாடு இறந்துபோனார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த ரத்தம் இன்று நம் ஊர் நோயாளிக்கும் வழி காட்டுகிறது. அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

1990-களில் கிருமியை எண்ணும் முறை வந்தது. உடனே, சேமித்து வைத்த பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஜான் மெல்லர்ஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 1,604 பேருடைய கணக்கை 1997-இல் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு மில்லிலிட்டரில் 500-க்கு மேல் கிருமி போகாதவர்களில், ஆறு வருஷத்துக்குள் எய்ட்ஸ் வந்தது 100-க்கு சுமார் 5 பேருக்கு. 30,000-க்கு மேல் கிருமி இருந்தவர்களில் 100-க்கு 80 பேருக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் மட்டும் வேறு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. சி.டி.4, வைரல் லோடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு இன்னும் சரியாக வந்தது.

வேறு அடையாளங்களும் உண்டு. கிருமியோடு ஓயாமல் சண்டை போடுவதால் நோய் எதிர்ப்பு அணுக்கள் எப்போதும் கொதிநிலையில் இருக்கின்றன. ராத்திரி பகல் தூங்காத காவலாளி எத்தனை நாள் தாங்குவான்? அந்தக் கொதிப்பு அதிகமாக உள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. சி.டி.8 என்று இன்னொரு வகை அணு உண்டு. ஆரோக்கியமான உடம்பில் பொதுவாக சி.டி.4 அதிகம், சி.டி.8 குறைவு. எச்.ஐ.வி. வந்தால் இது தலைகீழாகிவிடும்.

ஓர் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஓர் எண்ணைப் பார்த்துப் பூரிக்காதீர்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் சி.டி.4 இன்று 450. இரண்டு பேரும் ஒன்றுதானா? பழைய சீட்டைக் கேட்கிறோம். ஒருவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் 470. இன்னொருவருக்கு 700. முதலாமவருக்குக் குறைந்தது 20. இரண்டாமவருக்குக் குறைந்தது 250. எண் ஒன்றாக இருந்தாலும் ஓட்டம் வேறு. அதனால்தான் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்தால்தான் போக்கு தெரியும்.

சில பேர், "போன தடவை 520 இருந்துச்சு, இப்ப 460தான் இருக்கு, எனக்கு முடிஞ்சு போச்சு" என்று அழுதுகொண்டு வருவார்கள். அப்படியில்லை. சி.டி.4 காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இருக்கும். சளி, காய்ச்சல் இருந்தால் இறங்கும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் நீர் கூடுவதால் எண் சற்றுக் குறைந்து காட்டும். ஒரு தடவை இறங்கியதை வைத்து முடிவு கட்ட முடியாது. தொடர்ந்து ஒரே பக்கமாகப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எண் இறங்க இறங்க என்ன வரும்?

முதலில் காசநோயைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நம் நாட்டில் அதிகமாக வருவதும் உயிரைப் பறிப்பதும் அதுதான். சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் காசநோய் வரலாம். இறங்க இறங்க வாய்ப்பு கூடும். ஆகவே இருமல், காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை இந்த நான்கில் எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். 200-க்குக் கீழே போனால் ஒரு வகை நிமோனியா வரும். வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். 100-க்குக் கீழே போனால் மூளைக் காய்ச்சல். 50-க்குக் கீழே போனால் கண் பார்வையே போகும் ஆபத்து. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே தடுக்க மாத்திரை உண்டு. யாருக்கு எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை டாக்டர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?"

இதுதான் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நினைத்தார்கள். நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்த இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அன்று பொதுவாக சி.டி.4 200-க்குக் கீழே வந்தவர்களுக்குத்தான் மருந்து. ஏரி அடிமட்டத்துக்கு வந்த பிறகு கரையை அடைத்த மாதிரி.

அது சரியா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஸ்டார்ட் என்ற ஆய்வில் 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் சி.டி.4 500-க்கு மேல். எல்லோரும் நன்றாக இருந்தவர்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பாதிப் பேருக்கு எண் 350-க்கு வரும்போது மருந்து. 2015-இல் முடிவு வந்தது. தள்ளிப்போட்டவர்களில் 96 பேருக்குக் கடுமையான நோயோ மரணமோ நேர்ந்தது. உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்கு. பாதிக்கும் குறைவு! உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. நம் நாட்டில் 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், எச்.ஐ.வி. என்று தெரிந்த எல்லோருக்கும் மருந்து.

இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். அது கசிவை அடைக்கிறது. கசிவு நின்றால் ஏரி தானாக நிரம்பத் தொடங்கும். ஆனால் மிகவும் வற்றிய ஏரி நிரம்ப நாளாகும். சிலருக்கு முழுக்க நிரம்பாமலே போகலாம். சீக்கிரம் வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"எண் ஏறிப்போச்சே, இனிமே நிறுத்திடலாமா?"

கூடாது. இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,400-க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் விடாமல் மருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் எண் 350-க்கு மேல் இருந்தால் நிறுத்தி, 250-க்குக் கீழே போனால் மறுபடி தொடங்கினார்கள். 2006-இல் அந்த ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்கு நோயோ மரணமோ வரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. இருதயம், ஈரல், சிறுநீரகக் கோளாறுகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன.

ஏன் என்றால், மாத்திரை கிருமியை அடக்கி வைக்கிறதே தவிர அடியோடு ஒழிப்பதில்லை. சில அணுக்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்திலேயே எழுந்துவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறிவிடலாம்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வைரல் லோடு பரிசோதனை. மருந்து தொடங்கி 6 மாதத்தில் ஒரு முறை, 12 மாதத்தில் ஒரு முறை, அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கை கூடினால் முதலில் வருவது திட்டல்ல. 'மாத்திரை விட்டுப்போச்சா, என்ன சிரமம்?' என்ற விசாரிப்புதான். வேலைக்கு வெளியூர் போனேன், வீட்டில் தெரிந்துவிடும் என்று ஒளித்து வைத்தேன், வயிற்றைப் புரட்டியது — எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வழி சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

கணவன், மனைவி, பிள்ளை

கிருமியின் எண்ணிக்கை நோயாளியின் நாளையை மட்டும் சொல்வதில்லை. குடும்பத்தின் நாளையையும் சொல்கிறது. தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 ஜோடிகளைக் கொண்டு ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நம் சென்னையும் புனேயும் அதில் இருந்தன. சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் தெரிந்தது. சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்று இன்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களே, முதல் பரிசோதனைக்கு வரும்போதே எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றும். தாய் மருந்து சாப்பிட்டு, பிள்ளைக்கும் பிறந்ததும் மருந்து கொடுத்தால் இது நூற்றுக்கு 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். பெரியவர்களுக்கு உள்ள எட்டு பத்து வருஷ அவகாசம் கைக்குழந்தைக்குக் கிடையாது. தொற்றிய குழந்தைக்கு மருந்து கொடுக்காவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஆகவே ஆறு வார வயதில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு சி.டி.4 இயற்கையாகவே பெரியவர்களைவிட அதிகம் இருக்கும். 'ஆயிரம் இருக்குதே' என்று நாமாகவே திருப்திப்பட்டுவிடக் கூடாது. ஐந்து வயது வரை விழுக்காட்டைக் கணக்கிட்டுத்தான் டாக்டர் பார்ப்பார்.

நினைவில் வைக்க வேண்டியவை

ஒன்று: சந்தேகம் இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், விஷயம் வெளியே போகாது.

இரண்டு: எச்.ஐ.வி. என்று தெரிந்தால் உடம்பு கெடும்வரை காத்திருக்காதீர்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்து அன்றே, முடிந்தவரை சீக்கிரம், மருந்து தொடங்குங்கள்.

மூன்று: எண் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான்கு: பரிசோதனைச் சீட்டுகளைத் தேதி வரிசையாக ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள்.

ஐந்து: வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது எச்.ஐ.வி. என்று தெரிந்தால் ஒதுக்காதீர்கள். ஒதுக்கப்படுவோமோ என்ற பயத்தில்தான் பல பேர் கடைசியில் வருகிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையிலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ அவர்களை ஒதுக்கக் கூடாது. அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது.

சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986-இல் நம் நாட்டில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, கொடுக்க மருந்து எதுவும் இல்லை. இன்று பரிசோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிள்ளை குட்டிகளோடு முழு ஆயுள் வாழ வழியும் இருக்கிறது. ஏரி வற்றிய பிறகு கரையைத் தேடி ஓடுவதில் பயனில்லை. தண்ணீர் இருக்கும்போதே கசிவை அடைத்துவிடுவோம்.